மாதம் இரண்டு தரம் ஏச்சு

நீரோசை சிறுமியர் இல்லம்,
வாவியோரம்,
மட்டக்களப்பு.
15.07.2025

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மேர்டில் அன்டிக்கு,

நீங்களும் ஹரல்ட் அங்கிளும் உங்கள் தையல் மெசினும் எந்தக் குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் எல்லாரும் சுகமாக இருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திராது.

என்னை உங்களுக்குத் தெரியும். ஆனால் நான் யாரென்று தெரியாது. போன மாதம் ஒரு நீலப் பூச்சட்டையும் இந்த மாதம் ஒரு மண்ணிறச் சட்டையும் தைக்கத் தந்த, உங்கள் முகத்தைப் பார்க்காமல் உங்கள் நாய் பிறவுணியின் முகத்தைப் பார்த்தே பேசிய மெலிந்த பிள்ளை நான்தான். இரண்டு சட்டையும் அளவாக இருக்கின்றன, நன்றி. ஆனால் எனக்குச் சட்டை தேவைப்பட்டிருக்கவில்லை அன்டி. இரண்டு தடவையும் நான் வந்தது உங்கள் தம்பி வெய்னின் மகள் எறிக்காவைப் பற்றிக் கதைக்கத்தான். நீங்கள் கேற்றைத் திறந்து “என்ன புள்ள, தைக்கவா?” என்று கேட்டதும் என் வாய் “ஓம் அன்டி” என்று சொல்லிவிட்டது. நீங்களும் அளவெடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். அளவெடுக்கும்போது மூச்சை அடக்கி நிற்க வேண்டும், பேச முடியாது. மூன்றாம் தடவையும் நேரில் வந்தால் கூறைச்சீலைக்கு பிளவுஸ் தைக்கச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். எனக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை.

நான் யோகராசா நிதர்சினி, பழுகாமம். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் கம்பஸ் படித்து முடித்த ஆள். அப்பா வயல் வட்டைக்குள் வேளாண்மை செய்கிறவர். மகளுக்கு என்ன வேலையென்று யாராவது கேட்டால் “எழுதுற வேலை” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். இந்த இல்லத்துப் பிள்ளைகளின் படிவமும் அறிக்கையும் எழுதுகிற அந்த வேலையால்தான் இவ்வளவு கரைச்சலும் வந்தது.

வெய்ன் அங்கிள் கல்குடாப் பக்கம் கூரை வேலை செய்யும்போது விழுந்து, முதுகெலும்பு முறிந்து, தூர ஊர் ஆஸ்பத்திரியில் கிடப்பது உங்களுக்குத் தெரியும். தாயும் இல்லாத பிள்ளை என்பதால் எறிக்கா எட்டு மாதமாக எங்கள் இல்லத்தில் இருக்கிறாள். அப்போது எங்கள் பொறுப்பாளர் றோஸ்மேரி மிஸ் உங்களுக்குப் போன் எடுத்தபோது “அவன் வந்து கேக்கட்டும்” என்று சொன்னீர்களாம். முதுகு முறிந்த மனுசன் எப்படி வந்து கேட்பது என்று மிஸ் கேட்டார். உங்களிடம் கேட்கவில்லை, போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துக் கேட்டார். நீங்கள் தம்பியோடு பேசாமலிருப்பதன் காரணம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

எங்களிடம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் ‘பிள்ளையின் பண்பாட்டுத் தேவைகள்’ என்று ஒரு கட்டம். எனக்கு முன்னிருந்தவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் ‘இல்லை’ என்று எழுதி நிம்மதியாக இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். இல்லத்தில் பதினாலு பிள்ளைகள், பறங்கிப் பிள்ளை எறிக்கா ஒருத்திதான். அவளுக்கும் ‘இல்லை’ என்று எழுத என் படிப்பு விடவில்லை. அவளிடமே கேட்டிருக்கலாம். எனக்குக் கூச்சம். ஆகவே அவளைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டேன். றோஸ்மேரி மிஸ், “பறங்கி ஆக்களெண்டா பைலாதானே, இதில என்ன யோசிக்கக் கிடக்கு?” என்று சொல்லி, ஒரு ஞாயிறு பின்னேரம் பெரிய ஸ்பீக்கர் இரண்டை வாடகைக்கு எடுத்து வந்தார். பதின்மூன்று பிள்ளைகளும் ஆடினார்கள், மிஸ்ஸும் ஆடினார், எறிக்கா மட்டும் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வளவு ஆட்கள் எங்களுக்குச் சொல்லாமல் யாருக்குக் கலியாணம் என்று கோபித்துக்கொண்டு வந்து, கேக் தின்றுவிட்டுப் போனார்கள். அடுத்த கிழமை, அவர்கள் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் சாப்பிடுகிறவர்கள் என்று யாரோ சொல்ல, அதுவும் வாங்கினோம். எறிக்கா முள்ளுக்கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சமையல் றஸீனா றாத்தாவிடம், “றாத்தா, இதால தேங்காய் சுரண்ட ஏலுமா?” என்று கேட்டு, மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிட்டாள். கடைசியாக, பறங்கியர் வரலாறு பற்றிப் பேச ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் ஒன்றரை மணித்தியாலம் கப்பல் படம் காட்டினார். முடிவில் கேள்வி இருக்கிறதா என்று கேட்க, எறிக்கா எழும்பி, “சேர், எங்கட டாடி வாழைச்சேனை பஸ்ஸிலதானே வாறவர்” என்றாள். அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

இதற்கிடையில் பிள்ளையின் குழப்படி வேறு. மற்றப் பிள்ளைகளின் செருப்பையெல்லாம் கொய்யா மரத்தில் தொங்கவிடுவாள். மிஸ்ஸின் குடையை ஓட்டைக்குடையாக்குவாள். ஒரு நாள் மீன்கார பஸ்லான் நானா கொண்டுவந்த வாவி நண்டை, சாக்கை அவிழ்த்து விறாந்தையில் விட்டுவிட்டாள். முப்பது நண்டும் பிள்ளைகளின் படுக்கை அறைக்குள் போன பிறகு, ஓடாமல் ஒளியாமல் இடுப்பில் கைவைத்து எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எங்களுக்குப் பிள்ளைகளை ஏசக்கூடாது என்று விதி. றோஸ்மேரி மிஸ் கட்டிலில் ஏறி நின்றபடியே, “செல்லம், இனி அப்பிடிச் செய்யப்படாது, என்ன?” என்றார். எறிக்காவின் முகம் விழுந்துவிட்டது. “இதென்ன மிஸ், இது ஏச்சா?” என்று கேட்டாள். “எங்கட டாடி ஏசினா ரோட்டில போற நாயும் குந்திடும்.” மறுகா அவளே றஸீனா றாத்தாவைக் கூப்பிட்டு, தங்கள் வீட்டில் பேசுகிற பறங்கிப் போர்த்துக்கேயப் பாசையில் ஏசுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள். றாத்தாவுக்கு நாக்கு நன்றாகச் சுழலும். பொருள் தெரியாமலே இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் பழைய மீன் கொண்டுவந்த பஸ்லான் நானாவுக்கு அதை அப்படியே கொடுத்தார். நானா சின்ன வயதில் பறங்கி ஆட்களுக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவர் என்பது யாருக்குத் தெரியும்? கூடையை இறக்கி வைத்து, “றாத்தா, நீங்க செல்றது என்னெண்டு தெரிஞ்சுதான் செல்றீங்களா?” என்று கேட்டார். “ஏன், பிழையா?” “பிழையில்ல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திட்டு. எங்கட பக்கத்து வீட்டு பிறெண்டா அன்டி மௌத்தான பொறகு என்ன ஒருத்தரும் இப்பிடி ஏசல்ல.” அன்றிலிருந்து எங்களுக்கு நல்ல மீன் வருகிறது. ஆனால் எறிக்கா மட்டும் திருப்திப்படவில்லை. “றாத்தா நல்லாத்தான் ஏசுறா, ஆனா கோவமில்லாம ஏசுறா” என்றாள்.

நான் அப்போதும் விளங்கிக்கொள்ளவில்லை அன்டி. படித்தவள் அல்லவா, அறிக்கை எழுதினேன். பைலா, முள்ளுக்கரண்டி, கப்பல், நண்டு எல்லாவற்றையும் ஆறு பக்கத்தில் நேர்மையாக எழுதி, கடைசி வரியில் ‘ஆகவே இப்பிள்ளையின் பண்பாட்டுத் தேவைகளை இவ்வில்லத்தினால் நிறைவேற்ற இயலவில்லை’ என்று முடித்தேன். எங்கள் இல்லத்திலிருந்து போகிற அறிக்கைகளை யாரும் வாசிப்பதில்லை என்ற நம்பிக்கையில் இருந்தேன். இதை வாசித்துவிட்டார்கள். இல்லங்களைப் பார்வையிட வருகிற அதிகாரி ஜெயராஜா சேர் என்னைத் தேடி வந்து, “தங்கச்சி, அருமையா எழுதியிருக்கீங்க. அப்ப இந்தப் பிள்ளைய கொழும்புப் பக்கம் மாத்துவம். அங்க இங்கிலீசு பேசுற இல்லமொண்டு இரிக்கு. பறங்கிப் பிள்ளைக்கு அதுதான் தோது” என்றார். நல்ல மனிதர், நல்லது செய்கிறேன் என்று நினைத்தே சொன்னார். எறிக்கா போன தவணை இங்கிலீசுக்கு எடுத்தது பத்தொன்பது புள்ளி. அவளுக்குத் தெரிந்தது தமிழும் உங்கள் வீட்டுப் பாசையும்தான். அந்தப் பாசையைக் கொழும்பில் யார் பேசப் போகிறார்கள்? இங்கேயாவது ஏசுவதற்கு றாத்தா இருக்கிறார். இதையெல்லாம் அவரிடம் சொல்ல நினைத்தேன், ஆனால் என் வாயிலிருந்து வந்தது “ஓம் சேர்” மட்டும்தான். அன்று பின்னேரம் எறிக்கா வந்து, “மிஸ், கொழும்பில இருந்து டாடிட ஆஸ்பத்திரிக்கு பஸ் இரிக்கா?” என்று கேட்டாள். நான் பஸ் நேர அட்டவணை தேடத் தொடங்கினேன். இரண்டு நாள் தேடினேன். மூன்றாம் நாள் மிஸ் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, சேரிடம் தானே பேசினார். பிள்ளையின் சொந்த ஆட்களில் ஒருவர் மாதம் இரண்டு தரம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகக் கையெழுத்துப் போட்டால் மாற்றத் தேவையில்லையாம். கையெழுத்து இந்த மாதம் இருபத்தெட்டாம் திகதிக்கு முன்னர் வேண்டுமாம்.

அதற்காகத்தான் நீலப் பூச்சட்டை. அதற்காகத்தான் மண்ணிறச் சட்டையும். இரண்டாம் தடவை வந்தபோது, உங்கள் விறாந்தையில் நிற்கிற பெரிய அலுமாரியை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழ்த் தட்டில் பிறவுணி படுத்திருந்தது. நீங்கள் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு, “அதப் பாக்காத புள்ள, அது அலுமாரி இல்ல, என்ட தம்பிட தலைக்கனம்” என்றீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னர் அவர் அதை உங்களுக்கென்று செய்து கொண்டுவந்ததையும், அது வாசலால் உள்ளே போகாமல் நின்றதையும், நீங்கள் அலுமாரியை அறு என்றதையும், அவர் வாசல் நிலையை உடை என்றதையும் சொன்னீர்கள். ஹரல்ட் அங்கிள் உள்ளேயிருந்து, “ரெண்டு பேரும் ஒரே அளவுதான், வாசல்தான் பாவம்” என்றார். உடனே நீங்கள் இடுப்பில் கைவைத்து, உங்கள் பாசையில் அவருக்கு ஒரு ஏச்சு ஏசினீர்கள். அந்தச் சொற்களை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது, பொருளும் தெரியாது. ஆனால் எனக்கு அவை பழக்கமான சொற்கள். அதே இழுப்பு, இடுப்பில் அதே கை. எறிக்கா றாத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தபோது வராத கோபம் மட்டும் உங்களிடம் மேலதிகமாக இருந்தது. ஹரல்ட் அங்கிள் ஏச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார். கம்பஸ் விடுதியில் இருந்த காலத்தில் அம்மா போனில் ஏசாத நாளில் எனக்கும் நித்திரை வராது. படிவத்தின் அந்தக் கட்டத்துக்குள் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று எனக்கு அங்கே, உங்கள் அளவு நாடா கழுத்தில் கிடக்கும்போதுதான் விளங்கியது. ஆனாலும் உங்களிடம் “கை கொஞ்சம் நீளமா வேணும் அன்டி” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே அன்டி, நான் உங்களிடம் கேட்பது பெரிய விசயமில்லை. நீங்கள் பைலா ஆட வேண்டாம். கேக் அடிக்க வேண்டாம். மாதம் இரண்டு தரம் எறிக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டு, உங்கள் பாசையில், கோபத்தோடு, நன்றாக ஏசி அனுப்பினால் போதும். குழப்படியை அவளே செய்துகொண்டு வருவாள். தம்பியை மன்னிப்பது கடினம் என்று தெரியும். அலுமாரி ஒவ்வொரு நாளும் கண்ணுக்கு முன்னால் நிற்கும்போது எப்படி மறப்பது? ஆனால் அலுமாரியின் பிழைக்குப் பிள்ளை கொழும்புக்குப் போக வேண்டுமா? வெய்ன் அங்கிள் எழும்பி நடக்கிற நாளில் உங்களிடம் வந்து மன்னிப்புக் கேட்பார் என்று அவர் சார்பில் நான் எழுத்தில் உறுதி தருகிறேன். அவரைக் கேட்காமல்தான் தருகிறேன். தேவையென்றால் அலுமாரியை அறுக்கவும் நிலையை உடைக்கவும் ஆள் பார்த்துத் தருகிறேன், எது என்று மட்டும் நீங்கள் முடிவெடுங்கள்.

ஹரல்ட் அங்கிளுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிறவுணிக்கு என் அன்பு. உங்கள் கையிலுள்ள ஊசி ஒரு நாளும் முறியாமலும், உங்கள் வீட்டில் ஏச்சுச் சத்தம் குறையாமலும் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு சட்டைக்கும் சொந்தக்காரி,
யோ. நிதர்சினி

பி.கு.: உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று சரிபார்க்க எறிக்காவைக் கூப்பிட்டேன். அவள் பெயரோடு நிற்காமல் முழுவதையும் வாசித்துவிட்டாள். அலுமாரி வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். “மிஸ், அந்த அலுமாரி கழரும்! பின்னுக்கு நாலு மர முளை இரிக்கி. தட்டினா ஆறு துண்டாப் போகும். டாடி செய்யக்குள்ள நான்தான் முளை எடுத்துக் குடுத்தனான்” என்றாள். அப்படியானால் டாடி ஏன் அதைச் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன். “அன்டி கேட்டா செல்லலாமெண்டு இருந்தவர். அன்டி கேக்கல்ல. என்னையும் வாய் தொறக்கப்படாதெண்டு சென்னவர். அத இன்னும் வெளியில வெச்சிருக்கிறா எண்டு எனக்குத் தெரியாதே.” ஆகவே மேலே மன்னிப்பு, அறுப்பது, உடைப்பது என்று நான் எழுதிய எல்லாவற்றையும் தயவுசெய்து வெட்டிவிடவும். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். மரச் சுத்தியலை அவள் கொண்டுவருகிறாள், கையெழுத்துப் படிவத்தை நான் கொண்டுவருகிறேன். பிறவுணிக்கு வேறு வீடு பார்க்க வேண்டிவரும். அலுமாரி உள்ளே போனதும், மூன்று வருடம் இதை ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் அவளை ஏச வேண்டும், குறைக்க வேண்டாம். இன்று செவ்வாய்க்கிழமைதான். அவள் இப்போதே சட்டை மாற்றி, சீப்பால் தலை இழுத்து, வாசலில் நிற்கிறாள்.