ஆறுக்கு ஐந்து கேபின்

கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. விண்வெளி நாவல் எழுதுகிற அந்த மனிதர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

எல்லாம் பதிப்பாளரால் வந்த வினை. ஆறடிக்கு ஐந்தடி கேபினில் புருஷனும் பெண்டாட்டியும் ஆறு மாசம் பறப்பார்களாம், மூன்றாம் நாளே ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்துக்கொள்ள மாட்டார்களா, நம்புகிற மாதிரி மாற்றாவிட்டால் புத்தகமே கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். கெடு இன்று மாலை. ஒன்றரை வருஷ உழைப்பு.

வீட்டு ஸ்டோர் ரூமும் அதே அளவுதானே, உள்ளே இருந்துதான் பார்ப்போமே என்று யோசனை சொன்னவள் மனைவி. காற்றுப் புகாதிருக்க அவர் கதவோரம் ரப்பர் பட்டை ஒட்டினார். அவள் கடைசியாக வந்து, கதவைச் சாத்தி, அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள்.

பத்தாவது நிமிடம் வெளியே போகப் பார்த்தார். கால் மரத்துப்போச்சு என்று அவள் உட்கார்ந்தபடியே சற்று நகர்ந்துகொடுத்தாள். இழுத்ததில்தான் கைப்பிடி வந்தது. ரப்பர் கவ்விக்கொண்டது என்று துடைப்பக் கட்டையால் நெம்பினார். கட்டை பல்பில் பட்டு விளக்கு போனது. பின்வாங்கினார்; அலமாரி சரிந்து போர்வை மூட்டைகள் தலையில் விழுந்தன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

முழங்கை எதிலோ இடித்தது.

"என்னது?"

"என் கண்ணாடி."

"நீ எப்போ கண்ணாடி போட்டே?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

நாவலில் வரும் விண்கப்பலில் எந்தத் திருகாணி எங்கே என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். இது மட்டும் கண்ணில் படவில்லை. தப்புதான் என்று மெல்லச் சொன்னார்.

பேச்சு வளர்ந்தது. அவளுடைய தலைவலி, அக்கா மகள் கல்யாணம், பழைய சிரிப்பு எல்லாம் வந்தன. நாவலையும் அவள் ஒரு வரி விடாமல் படித்திருந்தாள்.

"சீட்டு ரெண்டும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துல்ல இருக்கு? அப்புறம் ஏன் சண்டை வராது? எதிரெதிரா திருப்பிப் போடுங்க."

மூன்று எஞ்சின்களை மாற்றியும் தீராத சிக்கல்! அவருக்குக் கண் கலங்கியது, நல்லவேளை, இருட்டு.

மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. திடீரென்று கெடு ஞாபகம் வந்து கதவை இடி இடியென்று இடித்தார். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுத் தச்சர் ஓடி வந்தார்.

"கதவு சிக்கிக்கிச்சுப்பா, உடைச்சிடு."

தச்சர் வெளியிலிருந்து கதவைத் தட்டிப் பார்த்தார்.

"உடைப்பானேன் சார்? உள்பக்கம் கீழே தாழ்ப்பாள் இருக்கு, தள்ளினா போதும். நேத்துதானே உங்க வீட்டு அக்கா சொல்லி மாட்டினேன்."