சரமாகப் பின்னிய ஐந்து பைகள்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்று வளர்த்தது ஐந்து. கூடவே வீட்டுக்காரரின் தங்கைகள் இருவரையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்தேன். ஏழு பேரை ஆளாக்கியவளுக்கு ஐந்து பைகளை ஒழுங்காகக் கொண்டுபோகத் தெரியவில்லை என்று ஊர் சொல்கிறது. ஊர் சொல்வது சரிதான். மூளை இருக்க வேண்டிய இடத்தில் அன்று எனக்கு வாய்தான் இருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், கடைசி மகனுக்குத் திண்டுக்கல்லில் பெண் நிச்சயம். நல்ல நேரம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அதற்குள் நாங்கள் கொண்டுபோகும் சேலையைப் பெண் உடுத்திக்கொண்டு சபையில் வந்து நிற்க வேண்டும். மற்ற எல்லோரும் வேனில் புறப்பட்டார்கள். வேன் என்றால் எனக்குக் குமட்டும். நானும் வீட்டுக்காரரும் ரயில். சேலையை வேனில் கொடுத்தனுப்பச் சொன்னாள் மூத்த மருமகள். கொடுத்தால் தட்டில் எடுத்து வைக்கிற பெருமை அவளுக்கல்லவா போகும்? சேலை, பூ, பழம், பலகாரம், எங்கள் துணிமணி என்று ஐந்து பையும் என்னோடுதான் வரும் என்று சொல்லிவிட்டேன்.

"அத்தே, சக்கரம் வச்ச பெட்டி ஒண்ணு தாரேன். உருட்டிட்டுப் போங்க" என்றாள்.

"உருட்டிட்டுப் போக நான் என்ன ஐஸ்வண்டிக்காரியா?"

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் சரவெடி பின்னியவள் நான். நூல் முனையைக் கால் பெருவிரலில் மாட்டி, வலம் ஒன்று இடம் ஒன்றாக வெடியை வைத்துப் பின்னிக்கொண்டே போனால், ஒரு முனையைத் தூக்க முழுச் சரமும் எழுந்து வரும். ஒரு வெடி உதிராது. வெடிக்குச் செய்ததைப் பைக்குச் செய்தால் என்ன என்று தோன்றியது அந்த அறுபத்தொரு வயது அறிவாளிக்கு. நைலான் கயிற்றைப் பெருவிரலில் மாட்டி, கைப்பிடி, ஜிப்பு, பக்கவாட்டு வார் ஒன்றையும் விடாமல் ஐந்து பையையும் பின்னி முடித்தேன். கடைசி முடிச்சில் பசையும் தடவினேன். (லேபிள் ஒட்டுகிற பசை. காய்ந்தால் கல்.)

விருதுநகர் ஸ்டேஷனில் முன் முனையை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "உசுரே போனாலும் விடாதீக" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் கேட்காத மனுஷன், அன்று பார்த்துக் கேட்டுவிட்டார்.

ரயில் வந்தது. கூட்டம் தள்ளிய தள்ளில் அவர் ஒரு பெட்டியின் கடைசி வாசலில் ஏறினார். நான் அடுத்த பெட்டியின் முதல் வாசலில் ஏறினேன். ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போக உள்ளே வழி கிடையாது. முதல் பை அவரோடு, ஐந்தாவது பை என்னோடு, நடு மூன்றும் பிளாட்பாரத்தில். நான் இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ என்னைவிடப் பலமாக இழுத்தார்கள்.

"திருடன்! திருடன்! எம் பைய இழுக்கான்!" என்று கத்தினேன்.

அந்த வாசலிலிருந்தும் ஒரு குரல்: "திருடன்! பிடிங்கய்யா!"

வாழைப்பழக் கூடைக்காரி ஒருத்தி இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆச்சி, அங்கன இழுக்கது வெள்ளை வேட்டி கட்டுன பெரியவரு. உங்க ஆளா?"

எட்டிப் பார்த்தேன், எங்கள் ஆளேதான். "இந்தா, அறுத்து விட்டுருதேன்" என்று அவள் கத்தியை எடுத்தாள்.

"ஐயோ, நிச்சயச் சேலை இருக்கு! கத்தி வைக்கக் கூடாது!"

ஊதல் ஊதிவிட்டது. நான் பையோடு கீழே குதித்தேன். அப்போதுதான் அவருக்கு விஷயம் விளங்கி, முதல் பையைக் கீழே தள்ளி முனையை விட்டார். இறங்க முடியவில்லை, கூட்டம். வெறுங்கையை ஆட்டிக்கொண்டே மனுஷன் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தார்.

நான் பஸ் ஏறினேன். மதுரையில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, இன்னொரு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மறுபடியும் பஸ். ஐந்து பையும் பின்னாலேயே தவழ்ந்து வந்தன. எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே செல்போன் நாலாவது பைக்குள் அடித்துக்கொண்டே வந்தது. ஜிப்பின் மேல் கயிறு.

"ஆச்சி, இது லக்கேஜா, சரவெடியா? பத்த வச்சுராதீக" என்றான் கண்டக்டர். முறைத்தேன். வேறென்ன செய்ய?

பெண் வீட்டு வாசலை மிதித்தபோது மணி பதினொன்றே முக்கால். வீட்டுக்காரர் விருந்தாளி மாதிரி காபி குடித்துக்கொண்டிருந்தார். மகன் முகத்தில் ஈயாடவில்லை.

"மதினி, நேரம் போகுது. சேலைய எடுங்க" என்றார் சம்பந்தியம்மாள்.

எடுப்பதா? முடிச்சை நான் இழுத்தேன், மூத்த மருமகள் இழுத்தாள், வேனில் வந்தவர்களெல்லாம் இழுத்தார்கள். இழுக்க இழுக்க இறுகியது. நான் பின்னிய சரம் அவிழாது என்று முப்பது வருடம் பீற்றிக்கொண்டேனே, அது உண்மை என்று அன்று சம்பந்தி வீட்டில் நிரூபித்துக் காட்டினேன்.

அப்போது மணப்பெண் செண்பகம் உள்ளேயிருந்து வந்தாள். கையில் கத்திரிக்கோல்.

"அத்தே, கைய எடுங்க."

"நிச்சயச் சேலைத்தா. கத்திரி படக் கூடாது."

"சேலையில படாது. கயித்துலதான படும்?"

நறுக்கென்று வெட்டினாள். சேலையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது சபையில் வந்து நின்றாள். அவசரத்தில் கத்திரிக்கோலைக் கீழே வைக்க மறந்துவிட்டாள். போட்டோக்காரனும் அப்படியே எடுத்துவிட்டான். அந்தப் படம்தான் இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம் "பொண்ணு கையில எதுக்குக் கத்திரி?" என்று கேட்க, எதற்கும் வாய் திறக்காத வீட்டுக்காரர் இதற்கு மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார். அவர் சொல்லும் கதையில் அவர் திருடன் என்று கத்தவே இல்லையாம். நான் மட்டும்தான் கத்தினேனாம்! அந்தப் பொய்க்காகத்தான் செண்பகத்தின் மகள் கனியை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல இதை எழுத வைத்தேன்.

ஏத்தா கனி, எழுதுனது போதும். மொதல்லருந்து வாசி. ஒந் தாத்தா கத்துன எடம் வந்தா, அவுக காதுல விளுகாப்புல சத்தமா வாசி.