மின்காந்த சித்தரின் இரண்டு விரல்

கம்ப்யூட்டருக்குள் மீன் விட்டவன் நான்தான். உங்களிடம் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடையில்தான் அதற்குத் தைரியம் வரவில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ராஜகோபாலனின் கல்யாணப் பத்திரிகைக் கடை. அங்கே நான் பிழை திருத்துபவன். இருபத்தைந்து வயதான கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. பத்திரிகை எழுத்துருக்கள் அதில் மட்டும்தான் ஓடும். ஒரு மதியம் சும்மா இருக்க முடியாமல், பழைய சிடியிலிருந்த எக்ஸ்டென்ஷன் என்கிற ஒட்டு புரோகிராம் ஒன்றை அதில் போட்டேன். திரையில் மீன் நீந்தும் என்றது. நீந்தியது. மறுநாள் காலை ஃபைல்களின் படங்களெல்லாம் மறைந்து, வெறும் வெள்ளைக் காகிதமாக நின்றன. தட்டினால் ஒன்றும் திறக்கவில்லை.

நல்ல மனிதன் என்ன செய்வான்? உண்மையைச் சொல்வான். நான் டீ குடிக்கப் போனேன்.

வருவதற்குள் ராஜகோபாலன் மின்காந்த சித்தருக்கு போன் போட்டுவிட்டார். செம்பாக்கத்தில் ஆசிரமம். கீழ்க்கட்டளை ஜெராக்ஸ் கடைக்காரர்களும் வண்டலூர் பிரவுசிங் சென்டர்காரர்களும் அங்கே டோக்கன் வாங்கிக் காத்திருப்பார்கள். பிரிண்டரை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்ற ஒருவரை நானே பார்த்தேன். காதுகுத்துக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

சித்தர் வந்தார். எலுமிச்சம்பழம் சுற்றினார். இடது கை இரண்டு விரலைக் கீபோர்டில் முத்திரையாக ஊன்றி, வலது கையால் சுவிட்சைப் போட்டு, மந்திரம் முணுமுணுத்தார். திரை விழித்தது. படங்கள் திரும்பியிருந்தன. வாசலில் கூடிய கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும்தான்.

ஒரு வாரத்தில் மறுபடி வெள்ளை. மறுபடி சித்தர், மறுபடி எலுமிச்சை, மறுபடி ஐயாயிரம் ரூபாய் தட்சணை. மூன்றாம் தடவை அவர் காரணம் கண்டுபிடித்தார்.

“தெற்கு பார்த்து உட்காருதே ஒரு பொண்ணு, அதுகிட்டதான் தோஷம். அனுப்பிடுங்க.”

தெற்கு பார்த்து உட்காருபவள் ஜீவிதா. பதினொரு வருஷமாக அந்த மெஷினில் டைப் அடிப்பவள். வீடே அவள் சம்பளத்தில் ஓடுகிறது.

“தப்பா எடுத்துக்காதம்மா,” என்றார் ராஜகோபாலன். “நீ நல்ல பொண்ணு. ஆனா சாமி சொல்றாரே.”

நான் பிழை திருத்துவதுபோல் குனிந்துகொண்டேன்.

“போறேன் அண்ணா,” என்றாள் ஜீவிதா. “அதுக்கு முன்னாடி சாமி ஒரு தபா செஞ்சு காட்டட்டும். கீபோர்டுல கை வெக்காம.”

“முத்திரை இல்லாம சக்தி இறங்காது.”

“முத்திரையை மேசை மேல வைங்க சாமி. உங்க சக்திக்கு அரையடி தள்ளி இறங்கத் தெரியாதா?”

கூட்டம் சிரித்துவிட்டது. வேறு வழியில்லாமல் சித்தர் மேசையில் விரலை ஊன்றினார். மந்திரம் நீண்டுகொண்டே போனது. திரையில் வெள்ளைதான்.

ஜீவிதா மெஷினை அணைத்தாள். கீழ்வரிசையில் இரண்டு கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். கண்ணை மூடி ஜபித்தாள்: “தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம்...”

கிண்டி ஸ்டேஷன் வருவதற்குள் படங்கள் வந்துவிட்டன.

“இந்த ரெண்டு கீயைப் புடிச்சா, எந்த ஃபைலுக்கு எந்தப் படம்ங்கிற பட்டியலை மெஷினே புதுசா எழுதிக்கும். அவரு விரலு எங்க போவுதுன்னு போன வாரம் பார்த்தேன். மெஷினோட வந்த புக்குலயும் போட்டுக்கீது,” என்றாள். “பட்டியலைக் கலைக்கிற சனியன் உள்ள இருக்கிற வரைக்கும் சாமிக்கு வாராவாரம் வேலை.”

எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரைத் திறந்து, என் மீனை இழுத்துக் குப்பையில் போட்டாள்.

செருப்பு தேடும் சாக்கில் சித்தர் படியிறங்கினார். கூட்டத்தில் பாதி அவர் பின்னால் ஓடியது. உதைக்க என்று நினைத்தேன். இல்லை, தங்கள் பிரிண்டருக்குத் தேதி கேட்க.

ராஜகோபாலன் தலையைச் சொறிந்தார். “நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துரு ஜீவிதா. மூணு பத்திரிகை நிக்குது.” அவர் வாயில் மன்னிப்பு அப்படித்தான் வரும்.

அவர் நகர்ந்ததும் நைசாகக் கேட்டேன். “அந்த மீன் எப்படிம்மா உள்ள வந்திருக்கும்?”

“நீங்க போட்டது சார். நான் லீவுல இருந்த அன்னிக்கி, அண்ணா சாப்பிடப் போற நேரம், மதியம் ரெண்டேகாலுக்கு. ஃபைல்லயே நேரம் கீது.” அவள் என்னை நேராகப் பார்த்தாள். “மூளையைக் கழட்டி வெச்சவன் சாமியார்கிட்ட போறான், சரி. மூளை இருந்தும் வாயைத் தெறக்காத ஆளை எங்க சார் கூட்டினு போறது?”