இங்கிலீஷ் பாட்டில் என் பங்கு

பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்கிற பெரிய பொய்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. சம்பளத்தைக் கூட்டிச் சொன்னால் அவர்களே மனதுக்குள் கழித்துக்கொள்வார்கள். ஆளைக் கவிழ்ப்பவை சின்னப் பொய்கள்தான். நான் சொன்னது மிகச் சின்னது. "என்ன பாட்டு கேப்பிய?" என்று பெண்ணின் தம்பி கேட்டான். "இங்கிலீஷ் பாட்டுதான் அதிகம்" என்றேன்.

(ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரன் போடுவான். சுவர் வழியாக டும் டும் என்று கேட்கும். என் இங்கிலீஷ் சங்கீத ஞானம் அந்தச் சுவரோடு சரி.)

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் மதுரையில் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாக்டர்கள் முன்னால் பையைத் திறந்து மூச்சுவிடாமல் பேசுவதுதான் பிழைப்பு என்பதால், வாய் எப்போதும் என்னைவிட ஓரடி முன்னால் போகும். பெண் கோமதிக்குத் தச்சநல்லூர். தம்பி பெயர் சிதம்பரம், காலேஜில் கடைசி வருஷம். என் பதிலைக் கேட்டதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, சம்பந்தம் முடிந்த மாதிரிதான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேச ஊரில் ஓர் ஆள் கிடைக்காமல் அவன் தவித்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போனோம். காலையில் குறுக்குத்துறையில் தாமிரபரணிக் குளியல். தண்ணீரில் கழுத்துவரை அமிழ்ந்து, மேகம் போகிற திசையில் நானும் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினேன். மதியம் சொதி. தேங்காய்ப்பாலில் காய்கறியை மிதக்கவிட்டுச் செய்கிற அந்தக் குழம்பைச் சாப்பிட்டவன் அடுத்த சில மணி நேரத்துக்கு எந்த வேலைக்கும் ஆகமாட்டான். செரிக்கட்டும் என்று கூடவே இஞ்சிப் பச்சடி வைப்பார்கள். புது மாப்பிள்ளைக்கு அத்தை ஊற்றிய ஊற்றுக்கு இஞ்சித் தோட்டமே வைத்திருந்தாலும் போதாது.

கை கழுவி வந்தால் சிதம்பரம் ஒரு பெட்டியோடு நிற்கிறான். "அத்தான், பைய மாடிக்கு வாங்க."

பட்டுப்புடவைப் பெட்டி அளவு இருந்தது. கறுப்பு அட்டையில் வெள்ளி எழுத்து. உள்ளே நான்கு சிடி, கல்யாண ஆல்பம் கனத்தில் ஒரு புத்தகம். முதல் பக்கத்தில் தோள்வரை முடி வளர்த்த ஐந்து பையன்கள். கடைசிப் பக்கத்தில் அதே ஐந்து பேர், முடியைத் தொலைத்துவிட்டு. ஒரு ராக் குழு வாலிபத்திலிருந்து வயோதிகம்வரை பாடியதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

"சாதா ராக் இல்ல அத்தான், ப்ரோக்ரசிவ் ராக். உங்களுக்குத் தெரியாததா?"

"ஆமாமா, ப்ரோக்ரசிவ்தான்" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். படத்தைக் காட்டி, "இதுல மிருதங்கம் யாரு?" என்று வேறு கேட்டேன்.

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு வேலையைத் தொடங்கினான்.

பெட்டி அவனுடையது இல்லை. மேலப்பாளையத்துக் காதர் அவனோடு படிக்கிறவன். காதரின் அண்ணன் துபாயிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. அன்று சாயங்கால ரயிலில் அவர் கிளம்புகிறார், பெட்டியும் கிளம்புகிறது. லீவு முழுக்கக் கெஞ்சி, அந்த ஒரு மதியத்துக்குச் சிதம்பரம் வாங்கியிருந்தான். அதற்குள் ஒரே ஒரு நீளப் பாட்டையாவது காஸெட்டில் பிடித்துவிட வேண்டும். காதர் கொடுத்த சிடி ப்ளேயரின் ஒயர் இவர்கள் வீட்டு டேப் ரிக்கார்டருக்குப் பொருந்தவில்லை. எனவே ஸ்பீக்கருக்கு எதிரே டேப் ரிக்கார்டரை வைத்து, அதிலிருக்கிற மைக்கிலேயே பதிவதாக ஏற்பாடு.

வீடே அடங்கியது. அத்தை பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார். மாமா ரேடியோச் செய்தியைத் தியாகம் செய்தார். ஜன்னல் சாத்தி, சத்தம் போடும் மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று.

"நீங்க இங்கன கட்டில்ல உக்காருங்க அத்தான். கூட ஒரு ஆளு கேட்டாத்தான் எனக்குத் திருப்தி" என்றான் சிதம்பரம்.

பாட்டு மழைச் சத்தத்தோடு தொடங்கியது. தூரத்தில் யாரோ இருமினார்கள். பள்ளிக்கூட மணி அடித்தது. (இதெல்லாம் பாட்டிலேயே இருக்கிறதாம்.) பிறகு ஓர் ஆர்கனின் இசை மெல்ல எழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. காலையில் மூழ்கிய ஆறு மறுபடியும் வந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டது. தண்ணீருக்கு அடியில் பச்சை வெளிச்சம். மீன்களெல்லாம் மெதுவாகத் தாளம் போட்டன. மேலே ஒரு வள்ளம் மோட்டார் ஓட்டிக்கொண்டு போனது. தாமிரபரணியில் ஏது மோட்டார் வள்ளம் என்று நான் யோசிக்கவில்லை. வள்ளத்தில் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார். தொழில் பழக்கம், நான் பையைத் திறந்தேன்.

கண் விழித்தபோது ஜன்னல் இடுக்கில் மஞ்சள் வெயில். கோமதி வாசலில் நின்று முந்தானையை வாயில் திணித்திருந்தாள். சிதம்பரம் டேப் ரிக்கார்டர் முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில் இருப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"முடிஞ்சிட்டா?" என்றேன்.

"முடிஞ்சிட்டு அத்தான்."

போட்டுக் காட்டினான். மழை, இருமல், மணி, ஆர்கன். ஆர்கனுக்கு அடியிலிருந்து அந்த வள்ளம் வந்தது. அது வள்ளம் இல்லை, நான். மோட்டார் வேகம் பிடித்து, இறங்கி, மறுபடி பிடித்தது. பாடகர் உருகி நிறுத்திய இடத்தில், தெளிவான குரலில் ஒருவன் சொன்னான்: "ட்வைஸ் டெய்லி, டாக்டர். ஆஃப்டர் ஃபுட்."

எனக்குச் சொதியெல்லாம் வற்றிவிட்டது. "எழுப்பிருக்கலாம்லா?"

"புது மாப்பிள்ளையத் தொட்டு எப்பிடி எழுப்ப? அப்பாவக் கூட்டியாந்து காட்டினேன். 'அசந்து தூங்குதாவ, விடுலே'ன்னு கையாலயே சொல்லிட்டுப் போயிட்டாவ."

கீழே காதரின் சைக்கிள் மணி கேட்டது. மறுபடி பதிய நேரமில்லை. சிதம்பரம் சிடிகளைத் துடைத்து அடுக்கி, பெட்டியை ஒருமுறை தடவிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தான். திரும்பி வந்தவனிடம், "எனக்கு இங்கிலீஷ் பாட்டெல்லாம் தெரியாது, தம்பி" என்றேன்.

"தெரியும் அத்தான். மிருதங்கம் கேட்டியள்லா, அப்பமே தெரியும்."

"பெறகு எதுக்கு என்னய உக்கார வச்ச?"

"கேட்டா பிடிச்சிரும்னு நெனச்சேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அன்று ராத்திரி இட்லிகூட இறங்கவில்லை. (மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.)

ஆனால் அவனிடம் இருந்தது அந்த ஒரு காஸெட்தான். அவன் காலேஜ் ஹாஸ்டல் பையன்கள் இரவல் வாங்கினார்கள், நகல் எடுத்தார்கள், நகலுக்கு நகல் எடுத்தார்கள். மழையும் இருமலும் இருக்கிற பாட்டில் குறட்டை இருப்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. குறட்டை என்பது உறங்கிப்போன மனித சமுதாயம் என்று ஒருவன் விளக்கம் சொன்னானாம். 'ட்வைஸ் டெய்லி' என்ற இடத்தில் தனக்குப் புல்லரித்தது என்றானாம் இன்னொருவன். சிதம்பரம் கடைசிவரை காட்டிக்கொடுக்கவில்லை.

சில வருஷம் கழித்து அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. முதல் காரியமாக அதே பெட்டியைச் சொந்தமாக வாங்கி மதுரைக்குத் தூக்கிவந்தான். நான் காப்பியைக் குடித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மதிய வெயில் தரையில் நகர, பாட்டு ஓடியது. விழித்திருந்தபோதும் அந்த ஆறு வந்தது. கண்ணைத் திறந்துகொண்டே தண்ணீருக்குள் இருந்தேன்.

அந்த இடம் வந்தது. பாடகர் உருகி நிறுத்தினார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். வெறும் ஆர்கன் மட்டும் கேட்டது.

சிதம்பரம் தலையைச் சொறிந்தான். "என்னமோ கொறையுதுல்லா, அத்தான்?"

"ஆமா" என்றேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த கோமதிக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் நான் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் பிள்ளைகளை அடக்குவாள்: "சத்தம் போடாதிய, அப்பா பாடுதாவ."