ஒரு புகைபோக்கிக்கு இரண்டு சான்றிதழ்

டீர்க்சீல் ஊரில் புகைபோக்கிச் சாந்து உதிர்வது புதிய செய்தி அல்ல. கடல் அணைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ஊர் இந்தப் பக்கம் இருக்கிறது, காற்று இரண்டுக்கும் பொது. அது உப்பைச் சுமந்து வந்து செங்கல் இடுக்குகளில் வைத்துவிட்டுப் போகும். உப்பு உள்ளே குடியிருந்து, பூத்து, சாந்தை மாவாக்கிவிடும். முப்பது வருஷத்துக்கு ஒருமுறை கொத்தனாரைக் கூப்பிட்டுப் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பூசிக்கொள்வார்கள். ஐலர்ட் ஹபன் வீட்டிலும் அப்படித்தான் நடந்து முடிந்திருக்கும், அந்தச் சங்கதி அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருந்திருந்தால்.

ஐலர்ட் தீவுப் படகில் முப்பத்துநாலு வருஷம் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரத்தையும் தட்ட வேண்டிய இடத்தில் தட்டினால் ஓடும் என்பது அவருடைய நம்பிக்கை. அரசாங்கத்தையும் ஓர் இயந்திரம் என்றே நினைத்திருந்தார். அங்கேதான் தவறு நடந்தது.

செப்டம்பரில் வட்டாரப் புகைபோக்கி ஆய்வாளர் ரெங்கோ சாத்தோஃப் வழக்கம்போல் வருடாந்தர ஆய்வுக்கு வந்தார். ரெங்கோவும் ஐலர்டும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆனால் தங்கப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் ஏறிவிட்டால் ரெங்கோவுக்கு நண்பர்கள் கிடையாது. 'நீ' என்பது 'நீங்கள்' ஆகிவிடும். கூரை மேல் ஏறி, திருப்புளியைச் சாந்தில் வைத்து அழுத்தினார். ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்பது விதி. திருப்புளி கைப்பிடி வரை போயிற்று.

"திரு. ஹபன், உங்க அடுப்புக்கு நான் சீல் வைக்க வேண்டியிருக்கு."

"ரெங்கோ, உள்ள இருக்கிற குழாய் புத்தம் புதுசு. போன வருஷம் நீதானே பாத்துச் சரின்னு சொன்ன?"

"குழாயைப் பத்தி நான் எதுவும் சொல்லல. சாந்து கெட்டியா இருக்கணும். இல்லைன்னா நெருப்பு மூட்டக் கூடாது. நீங்க தயவுசெஞ்சு தள்ளி நில்லுங்க."

சமையலறை அடுப்பின் கதவில் சிவப்புச் சீல் விழுந்தது. வீட்டில் வெப்பம் தருவது அது ஒன்றுதான். தேநீருக்குத் தண்ணீர் காய்ச்ச மட்டும் ஒரு சின்ன மின்சார அடுப்பு இருந்தது.

கொத்தனார் ஃபொக்கோ இரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். நல்ல வெயில், நல்ல சுண்ணாம்பு, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். அனுமதி வேண்டும் என்று ஊராட்சியில் சொன்னார்கள். நூற்றைம்பது வருஷத்து வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் சேர்த்தபோது ஐலர்ட் பெருமைப்பட்டு ஊருக்கே கேக் கொடுத்திருந்தார்.

பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகைபோக்கிகள் டாக்டர் மெல்லிங்ஹோஃப் என்ற அம்மையாரின் பொறுப்பு. கடலையே பார்க்காத உள்நாட்டு நகரத்துக்காரர். சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும், உப்பு வந்தால் சாந்து தன்னைக் கொடுத்துச் செங்கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கொள்கையில் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் சிமெண்டு வைத்துப் பூசி, பத்து வருஷத்தில் செங்கல்லெல்லாம் உதிர்ந்து சிமெண்டு மட்டும் வெறும் தேன்கூடாக நிற்கிறது. ஆனால் அம்மையார் கொள்கையை அளப்பதற்குக் கட்டைவிரலைப் பயன்படுத்தினார். விரல் பதிந்தால்தான் சான்றிதழ்.

ஆக, ரெங்கோவுக்குத் திருப்புளி இறங்கக் கூடாது, அம்மையாருக்கு விரல் இறங்க வேண்டும். இதில் ஒரு சிறு முரண் இருப்பதாகத் தோன்றுகிறதே என்று ஐலர்ட் பணிவுடன் இரண்டு பேருக்கும் கடிதம் எழுதினார். மற்ற அலுவலகத்தின் அளவுகோல் பற்றிக் கருத்துச் சொல்லத் தமக்கு அதிகாரம் இல்லை என்று இரண்டு இடத்திலிருந்தும் ஒரே மாதிரி பதில் வந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் முழு ஒற்றுமை இருந்தது.

அனுமதி ஜனவரி பன்னிரண்டாம் தேதி வந்தது. பதினான்கு நாளுக்குள் வேலை முடிந்து இரண்டு சான்றிதழும் வாங்கியாக வேண்டும், தவறினால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று கனிவோடு எழுதியிருந்தது. அன்று வெளியே மைனஸ் ஆறு. ஐலர்டின் மனைவி தோமா சமையலறையில் இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"ஓல்டன்புர்க்ல என் தங்கச்சி வீட்டுல தரையே சூடா இருக்குமாம். சாக்ஸே போட வேண்டாமாம். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் நீயாச்சு, உன் பாரம்பரியமாச்சு."

"எப்ப திரும்பி வருவ?"

"என் கால் சூடானப்புறம் யோசிக்கிறேன்."

தோமா சொன்னால் செய்கிறவர். முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியம் ஒரு அடுப்புக் கதவில் தொங்கியது. ஐலர்ட் ஃபொக்கோவிடம் ஓடினார். ஃபொக்கோ இரண்டு கையையும் விரித்தார்.

"இந்தக் குளிர்ல சுண்ணாம்பைத் தொட மாட்டேன். ராத்திரி உறைஞ்சு காலைல கருங்கல்லு மாதிரி நிக்கும். மத்தியானம் வெயில் பட்டதும் களியாயிடும். அதுக்குப் பேரு வேலையா?"

ஐலர்ட் "இப்பச் சொன்னதைத் திரும்பச் சொல்லு" என்றார்.

ஃபொக்கோ திரும்பச் சொன்னார். தன் பெயர் எங்கேயும் வரக் கூடாது என்ற நிபந்தனையில் சாரமும் கரணையும் சுண்ணாம்பும் கொடுத்தார். ஐலர்ட் தானே ஏறி, பழையதைச் சுரண்டி, இடுக்கு விடாமல் பூசி முடித்தார். ரெங்கோவுக்கு மறுநாள் காலை எட்டு மணி, அம்மையாருக்குப் பிற்பகல் இரண்டு மணி என்று நேரம் குறித்தாயிற்று. அதிகாரிகள் தாமதமாக வருவது நமக்குப் பழகிய துன்பம். சீக்கிரம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைப்பதில்லை. டாக்டர் மெல்லிங்ஹோஃப் முந்தைய ரயிலைப் பிடித்து எட்டரைக்கே வாசலில் நின்றார்.

மேலே ரெங்கோ திருப்புளியை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தார். திருப்புளிதான் வளைந்தது. இவ்வளவு கெட்டியான சாந்தைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். கீழே தோமா அம்மையாரைக் கையோடு சமையலறைக்குள் அழைத்துப்போய்த் தேநீர் ஊற்றினார்.

டீர்க்சீலில் தேநீர் போதும் என்று வாயால் சொல்வது வழக்கமில்லை. கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டும். போடாதவரை கோப்பை நிறைந்துகொண்டே இருக்கும். உள்நாட்டில் வளர்ந்த அம்மையார் கரண்டியை ஒழுங்காகத் தட்டின் ஓரத்தில் வைத்தார். தோமா ஊற்றினார். மூன்று கோப்பை மரியாதை. நான்காவதில் அம்மையார் போதும் என்று கையைக் காட்டினார். தோமா கரண்டியைப் பார்த்துவிட்டு ஊற்றினார். மறுத்தால் உள்ளூர்ப் பண்பாட்டை அவமதித்ததாகிவிடுமோ என்று பயந்து அந்தப் பாரம்பரியப் பாதுகாவலர் ஒன்பது கோப்பை குடித்தார்.

பதினொன்றரைக்கு வெயில் வந்தது. புகைபோக்கியின் தெற்கு முகத்தில் சாந்து இளகியது. கடலைப் பார்த்த முகம் இம்மியும் அசையவில்லை. ஐலர்ட் சாரத்திலிருந்தபடி ஜன்னலைத் தட்ட, தோமா சுடச்சுட ஒரு கூஜாத் தேநீரை ஏணியில் ஏறி நீட்டினார். ஐலர்ட் அதைச் சாந்தின் மேல் பொறுமையாக ஊற்றினார்.

பன்னிரண்டு மணிக்கு அம்மையார் ஒருவழியாக மேலே வந்து விரலை வைத்தார். விரல் முழுதாக உள்ளே போயிற்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தப் பழுப்பு நிறம் எப்படி வந்துச்சு?"

"அது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம்" என்றார் ஐலர்ட். பொய்யில்லை. தேநீர் பழைய வழக்கம்தான்.

இரண்டு சான்றிதழும் கிடைத்தன. சீல் உடைந்தது, அடுப்பு எரிந்தது, தோமா பெட்டியைப் பிரித்து அடுக்கினார். கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது.

அம்மையார் ஊருக்குப் போய் அறிக்கை எழுதினார். ஒரே சாந்து இரண்டு துறையின் அளவுகோலையும் நிறைவு செய்திருப்பது வரலாற்றில் முதன்முறை என்பதால் அதற்கு 'டீர்க்சீல் முறை' என்று பெயர் சூட்டப்பட்டது. விரலில் ஒட்டிய மணத்தை வைத்துத் தேநீர் என்பதை அம்மையார் கண்டுபிடித்திருந்தார். உறைபனி நாளில் மட்டும் பூசுதல், பாதுகாப்புக்காக ஒன்றுக்கு மூன்று கூஜாத் தேநீர் தெளித்தல். வார இதழ்கள் படம் போட்டன. விடுமுறை வீட்டுக்காரர்கள் நகரத்திலிருந்து வந்து, நன்றாக இருந்த சாந்தைச் சுரண்டியெடுத்துவிட்டுப் பழுப்புச் சாந்து பூசிக்கொண்டார்கள். அடுப்பே இல்லாத வீட்டுக்காரர் ஒருவர் பழுப்புச் சாந்து வைப்பதற்காகவே ஒரு புகைபோக்கி கட்டினார். ஊர்க்காரர்களுக்கும் பொறுக்கவில்லை. பிப்ரவரி முடிவதற்குள் ஐலர்ட் வீடு போக மற்ற அறுபத்துமூன்று வீட்டுக் கூரையிலும் தேநீர் மணந்தது.

ஐலர்ட் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊர் மன்றத்தில் அவரை நிபுணர் என்று மேடையேற்றி, மாலை நேரச் சொற்பொழிவு வைத்து, பூச்செண்டு கொடுத்தார்கள். பூச்செண்டைக் கையில் வைத்துக்கொண்டு உண்மை சொல்வது கஷ்டம். டீர்க்சீல் முறைக்கு மாற்று எதுவும் இல்லை, வீட்டுக்கு மூன்று கூஜாவுக்குக் குறையக் கூடாது என்று பேசினார், கைதட்டினார்கள், அவருக்கும் அது பிடித்திருந்தது. மே மாதம், கடற்பறவைக் கூட்டை அகற்றுவதாகச் சொல்லிச் சாரம் கட்டி, ஃபொக்கோவைக் கொண்டு தன் புகைபோக்கியை மட்டும் ஒழுங்கான சுண்ணாம்பில் மறுபடி பூசிக்கொண்டார். பேருக்குக் கொஞ்சம் பழுப்புச் சாயமும் கலந்தார்.

நவம்பரில் முதல் புயல் வந்தது. அறுபத்துமூன்று புகைபோக்கியின் சாந்தும் கூரை வழியாக ஒழுகித் தெருவுக்கு வந்தது. செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சும்மா நின்றன. ரெங்கோ வீடு வீடாகப் போய்ச் சீல் வைத்தார். ஊர் முழுக்கக் குளிர்ந்து கிடக்க, ஐலர்ட் வீட்டிலிருந்து மட்டும் புகை வந்தது.

ஊர்க்காரர்கள் கூடி மனுக் கொடுத்தார்கள். தங்கள் புகைபோக்கிகளைச் சரிசெய்யச் சொல்லி அல்ல. ஒரே ஊரில் ஒரு வீட்டில் மட்டும் புகை வருவது சமத்துவத்துக்கும் ஊரின் தோற்றத்துக்கும் விரோதம் என்று அறுபத்துமூன்று கையெழுத்து. அம்மையார் ஆராய்ந்து பார்த்து, ஐலர்டின் சாந்து டீர்க்சீல் முறைப்படி இல்லை, அதை அகற்றி உறைபனி நாளில் மறுபடி பூச வேண்டும், அதுவரை நெருப்பு கூடாது என்று ஆணையிட்டார். மாற்று முறை எதுவும் இல்லை என்பதற்கு ஆதாரமாக, நிபுணர் ஐலர்ட் ஹபனின் சொற்பொழிவு மூன்று இடத்தில் மேற்கோள் காட்டப்பட்டிருந்தது.

ஆணையைக் கொண்டுவந்தவர் ரெங்கோ. அம்மையாரும் கூட வந்திருந்தார். அவருக்கு மூக்கு சிவந்திருந்தது. அடுப்பு கணகணவென்று எரிவதை இருவரும் பார்த்தார்கள். ரெங்கோ மெல்லக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார்.

"ஐலர்ட், கொஞ்ச நேரம் இப்படி உக்காந்துக்கவா? என் வீட்டு அடுப்புக்கும் நானேதான் சீல் வச்சேன். பத்து நாளாச்சு."

"தேநீர் இருக்கிறவரைக்கும் விருந்தாளியை எழுப்புறது இந்த ஊர் வழக்கமில்ல" என்றார் தோமா.

ஊற்றினார். ரெங்கோ கரண்டியைத் தட்டில் வைத்தார். கோப்பைக்குள் போடவில்லை. அம்மையாரும் போடவில்லை, இந்த முறை தெரிந்தேதான். ஐந்தாவது கோப்பை ஆயிற்று, எட்டாவது ஆயிற்று. இப்படியே குளிர்காலம் முழுக்க இவர்களை உட்கார வைத்துவிடலாம் போலிருக்கிறதே என்று ஐலர்டுக்கு ஒரு தெம்பு வந்தது. அந்த இயந்திரத்தைத் தட்ட வேண்டிய இடம் கடைசியில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தார்.

தோமா அலமாரியிலிருந்து தேயிலை டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"கடைக்கு ஓடிப் போய் வாங்கிட்டு வா" என்றார் கணவரிடம்.

"கடையில ஏது? புயலோட தீந்துபோச்சு. அடுத்த சரக்கையும் இந்தச் சீசன் பூச்சுக்குன்னு ஊர்க்காரங்க மொத்தமா முன்பதிவு பண்ணி வச்சிருக்காங்க. நான்தானே மேடையில சொன்னேன், ஒரு வீட்டுக்கு மூணு கூஜா வேணும்னு."

ரெங்கோ வெறும் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, கோட்டை மாட்டி, தங்கப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். தோமா மாடிக்குப் போனார். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"திரு. ஹபன்," என்றார் ரெங்கோ, "நீங்க தயவுசெஞ்சு தள்ளி நில்லுங்க."