பராக்கு அண்ணையின் சொதிச் சட்டி ஊர்வலம்

ஒரு கிலோமீற்றர் கூட வராத பாதையில், காலைத் தேத்தண்ணி குடித்துப் புறப்பட்டு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நடக்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் ஜெர்மனியில், எங்கள் பீலெஃபெல்ட் நகரத்தில் இருக்கிறார். பராக்குப் பார்ப்பதையே தவமாகச் செய்வதால் அவருக்குப் பராக்கு அண்ணை என்று பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும்.

வேலை நாளில் அவர் ட்ராம் சாரதி. அங்கே பராக்குக்கு இடமில்லை. சொந்த மச்சான் கை காட்டிக்கொண்டு ஓடிவந்தாலும், நேரமென்றால் கதவு மூடும், ட்ராம் போகும். மச்சான் கனகாலம் அவரோடு கதைக்கவில்லை.

ஞாயிறு வந்தால் கை மணிக்கூட்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார். நடை பழகும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே வயல்பக்கம் போவார். சட்டம் ஒன்றுதான்: கூட்டத்தில் ஆகச் சின்ன ஆள்தான் தலைவர். தலைவரை ஒருத்தரும் முந்தக் கூடாது.

பாதையை முதல் நாளே போய்ச் சோதிப்பார். எப்படி? குப்புறப் படுத்து! பிள்ளையின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று பார்க்க வேண்டுமாம். நாயோடு வந்த ஜெர்மன் பெண்மணி ஒருவர் பதறிப்போய் அம்புலன்ஸைக் கூப்பிடப் போய்விட்டார். மழைத்தண்ணீர் தேங்காத பாதையென்றால் அண்ணை எழும்பி, தூசைத் தட்டி, "இது சரிவராது" என்று திரும்பிவிடுவார்.

ஒருமுறை அன்றைய குட்டித் தலைவர் நத்தையொன்றைக் கண்டு நடுப்பாதையில் குந்திவிட்டார். பின்னால் பெரியவர்கள் அவ்வளவு பேரும் நின்றோம். நடைப்பயிற்சிக் கோல்களை ஊன்றி விறுவிறென்று வந்த ஜெர்மன் தம்பதி, யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதா என்று விசாரித்தார்கள். முகத்தில் சிரிப்பே இல்லாமல் அண்ணை, "முன்னுக்குப் போக்குவரத்து" என்று ஜெர்மனில் சொன்னார். அவர்களும் நத்தை கடக்கும் வரை நின்றுவிட்டுத்தான் போனார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக் கூத்தைத்தான் தாங்க முடியாது. பைக்குள் வைக்க விடமாட்டார், தள்ளுவண்டியில் ஏற்ற விடமாட்டார். பெரியவர்கள் ஆளுக்கொரு சட்டியை இரண்டு கையாலும் ஏந்திவர வேண்டும். தூரத்தில் நின்று பார்த்தால் பால்குடம் எடுக்கிற மாதிரி இருக்கும். மனிதர் சாப்பாட்டுப் பைத்தியம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் மகள் ஆரணிக்கு அப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. இன்னும் நடக்கவில்லை. காலில் ஒரு குறையும் இல்லை, பொறுங்கள் என்றார் டொக்டர். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகும் என் மனைவி குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வருவாள். வீட்டிலோ பிள்ளையின் கால் நிலத்தில் பட்டதே இல்லை. நிலம் குளிர், சளி பிடிக்கும் என்று மனைவியின் மூன்று அக்காமாரும் அவளை இடுப்பிலிருந்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த ஞாயிறு ஆகச் சின்ன ஆள் ஆரணிதான். பெரியக்கா கையில் விளிம்பு முட்டத் தேங்காய்ப்பால் சொதி. மற்ற இரண்டு அக்காமாரிடம் இடியப்பமும் சம்பலும். மனைவியிடம் பாயாசம், என்னிடம் கத்தரிக்காய்க் கறி. ஆரணியின் காலில் சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாட்டில் அவளைப் பாதையில் இருத்திய அண்ணை, பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் நின்றுவிட்டார்.

பிள்ளை திரும்பிப் பார்த்துக் கையை நீட்டினாள். தூக்க ஒரு கை இல்லை. பிறகு வீரிட்டு அழத் தொடங்கினாள். சாப்பாட்டுச் சட்டியைக் கால்படுகிற பாதையில் வைக்க எங்கள் ஆட்களுக்கு மனம் வருமா?

"அண்ணை, இதை ஒருக்காப் பிடியுங்கோ. என்ரை பிள்ளை அழுறாள்." மனைவி பாயாசச் சட்டியை அவரிடம் நீட்டினாள்.

"ஏலாது தங்கச்சி. என்ரை கையிலயும் சட்டிதானே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதருக்குச் சாப்பாட்டுப் பைத்தியமும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் கைகளைத்தான் கட்டிப்போட்டிருக்கிறார்.

அழுது களைத்த ஆரணிக்கு முன்னால் மழைத்தண்ணீர் ஒரு குட்டையாகத் தேங்கி, வெயிலில் மினுங்கியது. அழுகை நின்றது. கையை ஊன்றினாள், எழும்பினாள், தள்ளாடினாள், நடந்தாள். நேரே குட்டைக்குள் போய்த் தொப்பென்று இருந்து சிரித்தாள்.

கைதட்டக்கூட ஒருவருக்கும் கை இல்லை. பெரியக்காவின் சொதி முழுக்க அவருடைய சப்பாத்தில். மனைவி பாயாசத்தை அணைத்தபடி அழுதாள்.

"ஒருத்தரும் கிட்டப் போகாதேங்கோ. தலைவர் குளிக்கிறா" என்றார் அண்ணை. சட்டிச் சூட்சுமத்தைப் பற்றிப் பிறகு நான் கேட்டபோது, இனி இடியப்பத்தை எதோடு தின்கிறது என்றுதான் கவலைப்பட்டார்.

போன கிழமை ஆரணியைக் கிண்டர்கார்டனுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். ட்ராம் கதவைத் திறந்தபடி நின்றது, சாரதி இருக்கையில் பராக்கு அண்ணை. ட்ராம் மேடையில் ஏறியதும் இவள் எதையோ கண்டு குந்திவிட்டாள். பார்த்தால் நத்தை! இனி ட்ராம் போனதுதான் என்று நினைத்தேன்.

கதவு மூடவில்லை. உள்ளே சனம் மணிக்கூட்டைப் பார்த்தது. ஒலிபெருக்கி கரகரத்தது.

"முன்னுக்குப் போக்குவரத்து. தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கோ" என்று ஜெர்மனில் அண்ணையின் குரல்.

மச்சானுக்கும் நிற்காத ட்ராம், என் மகள் எழும்பும் வரைக்கும் நின்றது.