முதல் இருமலுக்கு எழுந்துவிடும் பாய்

திருச்சியிலேயே அதிகமாகச் சினிமா பார்த்தவர் யார் என்று கேட்டால் முக்கால் பாயைத்தான் சொல்வேன். ஒரு படத்தின் முடிவும் தெரியாதவர் யார் என்று கேட்டாலும் அவரையேதான் சொல்வேன்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பாய்க்குக் கடிகார ரிப்பேர் கடை. அதற்கு மேல்மாடி அறையில் ஆறு வருடம் குடியிருந்தேன். பாய்க்கு உலகத்தில் ஒரே ஒரு நடிகைதான், கறுப்பு வெள்ளைக் காலத்துக் கதாநாயகி. பெயரைச் சொல்ல மாட்டார். 'அவங்க' என்பார். அவர் மனைவிகூட, "அவங்க படம் டிவியில போடுறான், வாங்க" என்றுதான் போனில் கூப்பிடுவாராம்.

அந்த அம்மாளிடம் ஒரே ஒரு குறை. நடித்த படத்தில் எல்லாம் கடைசியில் செத்துப்போவார். காதலனுக்காக, அண்ணனுக்காக, சில சமயம் காரணமே இல்லாமல். பாய்க்கு அது தாங்காது. முக்கால் படத்தில் எழுந்து வந்துவிடுவார். பெயர் அப்படி வந்ததுதான்.

எப்போது எழுவது என்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். அந்தக் காலப் படங்களில் கதாநாயகி ஒரு தடவை இருமிவிட்டால் போதும், பிறகு எந்த டாக்டராலும் காப்பாற்ற முடியாது. பழைய படங்களை மெருகேற்றி மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவருகிறார்களே, அப்படி அவர் பார்க்காதது ஏதாவது வந்தால் என்னை முன்னால் அனுப்புவார்.

"தம்பி, முதல் இருமல் எத்தனாவது நிமிஷம்னு மட்டும் பார்த்துட்டு வாங்க. கதையைச் சொல்லிடக் கூடாது."

காலைக் காட்சிக்குப் போய் இருமலுக்காகக் காத்திருப்பேன். ஒரு முறை கண்ணயர்ந்துவிட்டு, பக்கத்து சீட்டுக்காரர் இருமியதைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். பாய் இருபத்தைந்தாவது நிமிடமே வெளியே வந்து, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் அந்த முக்கால் படத்தை அவர் பார்ப்பதுபோல் யாரும் பார்த்ததில்லை. "அழுவுறது யாருக்கும் வரும் தம்பி. கண்ணு வரைக்கும் வந்த தண்ணிய அங்கேயே நிறுத்தி வைக்கிறாங்க பாருங்க, அது அவங்களுக்கு மட்டும்தான் வரும்" என்பார். சொல்லும்போது கையிலிருக்கும் கடிகாரத்தை மறந்துவிடுவார். அதன் சொந்தக்காரர் எதிரே நின்றுகொண்டிருப்பார்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். முடிவு அவராகவே போட்டதுதான்: கல்யாணம், இரட்டைக் குழந்தை, சொந்த வீடு. ஒரு நாள் முன் சீட்டு மாமி திரும்பினார்.

"ஏன் பாய், அவ கடைசியில செத்துன்னா போயிடறா?"

"நீங்க எத்தனை தடவை பார்த்தீங்கம்மா?"

"ரெண்டு தடவை."

"நான் பதினேழு தடவை பார்த்திருக்கேன். ஒரு தடவைகூட அவங்க சாகல."

மாமி அம்மாமண்டபம் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார்.

பிறகு ஒரு நாள் காலை, பேப்பரின் முதல் பக்கத்தில் பாயின் 'அவங்க' படம். நிஜமாகவே போய்விட்டார். டீக்கடை செல்வராஜ்தான் முதலில் பார்த்தான்.

"சார், பாய்க்குத் தெரியக் கூடாது. போன வருஷம்தான் நெஞ்சுல ஆபரேஷன் பண்ணிட்டு வந்திருக்காரு."

சந்தே களத்தில் இறங்கியது. டீக்கடைப் பேப்பர் பால் பாத்திரத்துக்கு அடியில் போனது. டிவி பிளக்கைப் பிடுங்கினோம். ஆட்டோக்காரர்கள் ரேடியோவை அணைத்தார்கள். பாயிடம் இருந்தது பட்டன் போன், அந்த மட்டில் தப்பித்தோம். பஜ்ஜி மடிக்கும் தாள்களைக்கூட நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். அவை போன மாதத்துத் தாள்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

பத்து மணிக்குப் பாய் வந்தார்.

"பேப்பர் வரலையா?"

"வரலைங்க பாய். வண்டி பிரேக்டவுனாம்" என்றான் செல்வராஜ்.

"டிவி?"

"கரண்ட் இல்லைங்க."

தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பாய் அதை அண்ணாந்து பார்த்தார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு என் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்.

"காலையில பள்ளிவாசல்லேந்து வெளிய வர்றப்ப ஒருத்தர், 'பாய், விஷயம் தெரியுமா, உங்க அவங்க'ன்னு ஆரம்பிச்சார். முடிக்கிறதுக்குள்ள வந்துட்டேன். நீங்களும் சொல்லிடாதீங்க தம்பி."

கண் வரைக்கும் வந்த தண்ணீர் அங்கேயே நின்றது. அவர் போய்க் கடையைத் திறந்தார். எனக்குத்தான் நிற்கவில்லை.

மாற்றலாகிக் கோயம்புத்தூர் வந்து ஐந்து வருடம் ஆகிறது. திருச்சியிலிருந்து யார் வந்தாலும் முக்கொம்பில் தண்ணீர் வந்ததா, செல்வராஜ் டீயில் பாலாவது சேர்க்கிறானா என்றெல்லாம் விசாரிப்பேன். பாயைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. யாராவது, "சார், நம்ம முக்கால் பாய் இருக்காரே" என்று ஆரம்பித்தால், அவசர வேலை என்று சொல்லி எழுந்துவிடுகிறேன்.